பழைய ஏடும் புதிய படமும்

சொல்லை ஐயுறும் மனிதரும் படத்தை ஐயுறுவதில்லை. ஒருவர் வந்து, "ஆற்றில் வெள்ளம் தணிந்துவிட்டது" என்று கூறுவாராயின், யார் பார்த்தார், எப்பொழுது பார்த்தார் என்று இரண்டு கேள்வியாவது கேட்போம். அதனையே அவர் ஒரு கோடாக இழுத்து, அடியில் நேரமும் பக்கத்தில் நீர்மட்டமும் குறித்துக் காட்டுவாராயின், கேள்வி நாவில் எழுவதற்கு முன்னரே கண் அதனை ஒப்புக்கொண்டுவிடுகிறது. இக்காலத்து அறிவியல் மாணவர் தம் ஆராய்ச்சியின் முடிவுகளைப் பெரும்பாலும் இத்தகைய கோட்டுப் படங்களாலேயே உலகுக்கு உரைக்கின்றனர். அப்படம் எந்தக் கணக்கிலிருந்து எழுந்தது என்பதை ஒவ்வொரு முறையும் ஆராய்ந்து பார்ப்பவர் அவருள்ளும் சிலரே. தமிழ் பயிலும் எமக்கு இதில் என்ன வேலை என்று அன்பர் சிலர் வினவக்கூடும். சுவடியும் பாடபேதமும் பற்றிய வகுப்பில் அமர்ந்திருப்போர்க்கு இது மிகப் பழகிய சங்கடம் என்பது எமது கருத்து. அதனாலேயே எழுதத் துணிந்தோம்.

முதலிற் சொற்பொருளைத் தெளிவாக்கிக்கொள்வோம். கணினியில் நடத்தும் பாவனைக் கணக்கு என்பது, உலகில் நிகழும் ஒன்றைச் சில விதிகளாற் சுருக்கி, அவ்விதிகளின்படி அது அடுத்த கணம் எந்நிலை அடையும், அதற்கும் அடுத்த கணம் எந்நிலை அடையும் என்று படிப்படியாகக் கணித்துச் செல்லுதலாம். ஆற்றில் வெள்ளம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆற்றைச் சிறு சிறு துண்டங்களாக மனத்தால் அறுத்து, ஒவ்வொரு துண்டத்திலும் மேலிருந்து வரும் நீர் இவ்வளவு, கீழே போகும் நீர் இவ்வளவு, படுகையின் சரிவு இவ்வளவு, பாறையும் புதரும் ஓட்டத்தைத் தடுக்கும் கரடு இவ்வளவு என்று கொண்டு நீர்மட்டத்தைக் கணிப்பர். ஒவ்வொரு மணி நேரத்துக்கும் உரிய விடையைக் கணினி ஒரு கோப்பாக எழுதி வைக்கும். நூறு மணி நேரத்துக்குக் கணக்கிட்டால் நூறு கோப்புகள். கணக்கிடும் நிரலின் வேலை அத்துடன் முடிந்தது. பின்னர்ப் படம் வரையும் நிரல் ஒன்று வந்து, அக்கோப்புகளை ஒவ்வொன்றாகப் படித்துக் கோடிழுக்கும். கணக்கன் ஒருவன், சித்திரக்காரன் ஒருவன்; ஒருவரையொருவர் கண்டதில்லை. இருவருக்கும் இடையே உள்ளது ஒரு கோப்புறை மாத்திரமே. அந்தக் கோப்புறையில் முந்தின கணக்கின் கோப்புகள் எஞ்சியிருந்தால் என்ன நிகழும் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

யாம் பிறந்தது தருமபுரி மாவட்டத்துப் பென்னாகரம் வட்டத்தில். கருநாடகத்திலிருந்து வரும் காவிரியைத் தமிழ்நாட்டு எல்லையில் பிலிகுண்டுலு என்னுமிடத்தில் மத்திய நீர்வள ஆணையத்தார் அளக்கின்றனர். வினாடிக்கு இத்தனை ஆயிரம் கன அடி என்று மழைக்காலத்துச் செய்தித்தாள்களில் நாள்தோறும் வருவது அவ்வளவே. அதன்பின் ஆறு ஒகேனக்கல்லின் பாறைகளினூடே விழுந்து எழுந்து, 1934ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பெற்ற மேட்டூர் அணையின் நீர்த்தேக்கத்தைச் சென்று அடைகிறது. நீர்வரத்து மிகுந்தால், ஒகேனக்கல்லிற் பரிசல் இயக்கவும் அருவியிற் குளிக்கவும் மாவட்ட நிர்வாகத்தார் தடை விதிப்பர்; தணிந்தால் தடை நீங்கும். பரிசல் ஓட்டுவோர், எண்ணெய் தேய்த்துவிடுவோர், மீன் வறுத்து விற்போர் ஆகிய எல்லாருடைய அன்றைய அடுப்பும் அன்று காலை அளந்த அந்த ஓர் எண்ணைப் பார்த்தே எரியும். நேற்றுக் காலை அளந்ததை இன்று அளந்ததாக எவரேனும் சொல்லிவிடுவாராயின், ஒருநாள் கூலி வீணே போகலாம். அன்றேல், பரிசலில் ஏறியவர்க்கு உயிரச்சம் நேரலாம். இத்தனைக்கும் அந்த எண் பொய்யன்று. நேற்று அது மெய்யாகவே இருந்தது. இதனைச் சிறுவயதிலேயே அறிந்தவராதலின், எண்ணைக் கேட்டவுடன் நாளைக் கேட்பது எம்மூரார்க்குப் பழக்கம்.

விடுதியில் எம் அறையில் உடனுறையும் நண்பர் பௌதிகம் பயில்பவர். ஒகேனக்கல்லைப் பற்றி எம் வாயால் ஓயாது கேட்டதன் பயனோ என்னவோ, சென்ற ஆண்டு தம் செய்முறைப் பணிக்கு, ஒரு வெள்ள அலை பிலிகுண்டுலுவிலிருந்து மேட்டூரை நோக்கி எவ்வாறு நகரும் என்பதையே பாவனைக் கணக்காக எடுத்துக்கொண்டார். எத்துறையாரும் நம்பி நடக்கத்தக்க கணக்கன்று அது, மாணவர் பயிற்சியே. படுகையின் அளவுகளிற் பல அவர் உத்தேசமாகக் கொண்டவை. வெள்ளம் வடிந்து நீர்மட்டம் பழைய நிலைக்கு வந்தவுடன் கணக்குத் தானே நின்றுவிடுமாறு நிரலை அமைத்திருந்தார். முதல் ஓட்டம் 240ஆம் மணியில் நின்றது. 240 கோப்புகள் எழுந்தன. படுகையின் கரட்டை மிகையாக வைத்துவிட்டதாகச் சில நாள் கழித்து அவருக்குத் தோன்றவே, அதனைக் குறைத்து மறுபடியும் ஓட்டினார். கரடு குறைந்தால் நீர் விரைந்து வடியுமன்றோ? ஆதலின் இரண்டாம் ஓட்டம் 150ஆம் மணியிலேயே நின்றுவிட்டது. புதிய 150 கோப்புகளும் பழைய 150 கோப்புகளின்மேல் எழுதப்பட்டு அவற்றை அழித்தன. பெயரும் ஒன்று, இடமும் ஒன்று. அதற்கு அப்பாலுள்ள 90 கோப்புகளைத் தொடுவார் இல்லை. சித்திரக்கார நிரலுக்கு இடப்பட்டிருந்த கட்டளையோ, இப்பெயருடைய கோப்புகள் அனைத்தையும் எண் வரிசைப்படி எடுத்து வரைக என்பது. அது தன் கடமையைக் குறைவறச் செய்தது.

படம் வந்தது. வெள்ளம் ஏறிற்று, உச்சியைத் தொட்டது, ஒழுங்காகத் தணிந்து தரையைத் தொடும் தறுவாயில், 151ஆம் மணியில் ஒரு படி மேலே துள்ளி, அங்கிருந்து மறுபடியும் மெல்ல இறங்கிற்று. விடுதித் தோழர் நால்வர் கூடிவிட்டனர். மேட்டூரில் தேங்கிய நீர் பின்னோக்கி எதிர்த்திருக்கும் என்றார் ஒருவர். ஒகேனக்கல்லின் அருகே சின்னாறு வந்து காவிரியிற் கலக்கிறதே, அதன் வெள்ளம் தாமதித்து வந்து சேர்ந்திருக்கும் என்றார் மற்றொருவர். இரண்டாவது விளக்கம் எல்லாருக்கும் பிடித்துப்போயிற்று. நண்பர் தம் அறிக்கையில் அதற்கென்று ஒரு பத்தியே எழுதத் தொடங்கிவிட்டார். சின்னாறு எந்த மலையிற் பிறக்கிறது, எத்தனை நாள் நீர் ஓடும் என்றெல்லாம் எம்மிடம் விசாரித்தார். ஊர்க்காரர் என்ற முறையில் தெரிந்ததைச் சொல்லிவிட்டு, யாம் அவரைக் கேட்டது ஒன்றே: "ஏனப்பா, உன் கணக்கில் சின்னாறு உண்டா?"

அவர் சற்று நேரம் எம்மைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் கணக்கில் இருந்தது ஒரே ஆறு. கிளையாறு எதனையும் அவர் சேர்க்கவில்லை. சேர்க்காத ஆற்றின் நீர் படத்தில் எவ்வாறு வரும்? பிறகு கோப்புறையைத் திறந்து, எழுதப்பட்ட நேரப்படி கோப்புகளை அடுக்கிப் பார்த்தார். முதல் 150 அன்று மாலை பிறந்தவை. எஞ்சிய 90 முந்தின வாரத்தவை.

இதில் யாம் நெடுநேரம் எண்ணியது அந்தப் பத்தியைப் பற்றியே. கோப்பு கலந்துபோதல் இயந்திர வேலையில் நேர்வது. இல்லாத ஒன்றுக்கு, அறிவுள்ள ஐவர், பத்து நிமிடத்தில், பூகோளப் பிரமாணத்தோடு காரணம் கண்டுவிட்டனரே! அக்காரணம் தன்னளவில் தவறுமன்று. சின்னாறு உண்மையாகவே காவிரியிற் கலக்கத்தான் செய்கிறது. மெய்யான ஆறும் மெய்யான எண்களும் சேர்ந்து ஒரு பொய்யான வெள்ளத்தைத் தோற்றுவித்தன. படத்தில் அந்தத் துள்ளல் மாத்திரம் இல்லாதிருந்தால் எவரும் ஐயுற்றிருக்கமாட்டார் என்பதையும் நினைக்கவேண்டும். இரண்டு ஓட்டங்களின் கரடும் ஏறத்தாழ ஒத்திருந்தால், ஒட்டுப்போட்ட இடம் கண்ணுக்கே தெரியாது. ஊசிப்போன சோறு மணத்தால் தன்னைக் காட்டிக்கொடுக்கும். நாட்பட்ட கோப்புக்கு மணமில்லை.

பனையோலைச் சுவடியைக் கையாண்டவர்க்கு இந்நிலை விளங்கும். ஓலையின் இடப்புற ஓரத்தில் ஏட்டின் எண் பொறிக்கப்பட்டிருக்கும். கயிறு அறுந்து ஏடுகள் சிதறினால், அவ்வெண்ணைக் கொண்டு அடுக்கிவிடலாம். ஆனால் ஒரே அளவுள்ள இரண்டு சுவடிகள் ஒரே பெட்டியிற் சிதறினால் எண்ணால் என்ன பயன்? நாற்பத்தொன்றாம் ஏடு, தான் நாற்பத்தொன்றாம் ஏடு என்பதை மட்டுமே சொல்லும். எந்தச் சுவடியின் நாற்பத்தொன்று என்று சொல்லாது. ஒன்றன் கடைப்பகுதி செல்லரித்துப் போயிருக்க, மற்றொன்றின் கடைப்பகுதியை அதனோடு கோத்துவிட்டால், எண் வரிசை வழுவாது, நூல் வழுவிவிடும். பொருளறிந்து படிப்பவன் வந்தாலொழிய அது தெரியாது. நண்பரின் 151ஆம் கோப்பும் இத்தகைய ஏடே. தான் 151ஆவது என்று அது கூறியது மெய்தான்.

யார் எழுதினார், எப்பொழுது எழுதி முடித்தார் என்ற குறிப்பைச் சுவடியின் முடிவில் எழுதும் வழக்கமும் உண்டு. மிக நல்ல வழக்கம். ஆயினும் அதில் இரண்டு குறை. அக்குறிப்பு கடைசி ஏட்டில் மட்டும் இருப்பதால், இடையில் வேற்றேடு புகுந்தால் அதனால் தடுக்க முடியாது. இன்னொன்று, ஆண்டை அறுபதாண்டு வட்டத்தின் பெயரால் மாத்திரம் குறித்துவிடுதல். பிலவ ஆண்டு ஆவணி மாதம் எழுதி நிறைந்தது என்றால், 1841ஆ, 1901ஆ, 1961ஆ? மூன்றும் பிலவமே, 2021ஆம் ஆண்டும் பிலவமே. கணினியில் "புதியது" என்றும், "கடைசி" என்றும், அதனினும் நகைப்புக்கிடமாக "உண்மையான கடைசி" என்றும் கோப்புகளுக்குப் பெயரிடும் தோழரைக் காணும்போதெல்லாம் எமக்கு இந்த வட்டம் நினைவுக்கு வரும். அச்சுக்கூடத்தார் இவ்விஷயத்தில் விவேகிகள். பழைய அச்சு நூல்களில் ஒவ்வொரு பாரத்தின் முதற் பக்கத்தடியிலும், பாரத்தின் எண்ணை மட்டுமன்றி, நூலின் பெயரையும் சிறிய எழுத்திற் சுருக்கி அச்சிட்டிருப்பதைப் பலர் கண்டிருக்கலாம். படிப்பவர்க்கு அதனால் யாதொரு பயனுமில்லை. தையற்காரர் ஒரு நூலின் பாரத்தை மற்றொரு நூலோடு சேர்த்துத் தைத்துவிடாமைப் பொருட்டே அது.

கணினித் துறையாரும் இதனை அறியாதவரல்லர். 1976ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டுப் பெல் ஆய்வுக்கூடத்தில் நிகழ்ந்த ஒன்றை அத்துறை மாணவர் பலரும் அறிவர். ஸ்டீபன் ஜான்சன் என்னும் அறிஞர் ஒருநாட் காலை முழுவதையும் ஒரு நிரலின் பிழையைத் தேடுவதிற் கழித்தார். பிழையோ முன்னமே திருத்தப்பட்டுவிட்டது. திருத்திய மூலத்தைக் கணினி மொழிக்கு மறுபடி பெயர்க்காமல், பழைய பெயர்ப்பையே ஓட்டிக்கொண்டிருந்தார். மூலம் புதிது, பெயர்ப்புப் பழையது. சலிப்போடு அவர் தம் தோழர் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மனின் அறைக்குள் நுழைந்து விதியை நொந்துகொண்டார். ஃபெல்ட்மனுக்கும் முந்தின நாள்தான் அத்தகைய தொல்லை நேர்ந்திருந்தது. அவ்வார இறுதிக்குள் அவர் சிறிய கருவி நிரல் ஒன்றை இயற்றினார். "மேக்" என்பது அதன் பெயர். எந்தக் கோப்பு எதனின்று பிறக்கவேண்டும் என்று அதற்கு எழுதிக் கொடுத்துவிட்டால், தாய்க் கோப்பின் நேரத்தையும் சேய்க் கோப்பின் நேரத்தையும் ஒப்பிட்டு, தாய் பிந்தியதாயின் சேயைப் புதிதாகப் பிறப்பிக்கும். அவ்வளவே அதன் தத்துவம். அரைநூற்றாண்டு ஆகியும் அது வழக்கிலுள்ளது. 2003ஆம் ஆண்டுக்குரிய கணினியியற் கழகத்தாரின் மென்பொருள் விருது அதற்காக ஃபெல்ட்மனுக்கு வழங்கப்பட்டது.

எனினும், கோப்பின்மேல் கணினி இடும் நேரக்குறியை முற்றும் நம்புதற்கில்லை. ஒரு கோப்பை வேறிடத்துக்குப் படியெடுத்தால், பலபோது படியெடுத்த நேரமே அதன் நேரமாகிவிடும். முந்தின வாரத்துக் கோப்பு, இன்று நினைவுக்கோலில் ஏறி இறங்கி, இன்றைக்குப் பிறந்தது போலத் தோன்றும். இரண்டு கணினிகளின் கடிகாரங்கள் ஒவ்வாதிருப்பதும் உண்டு. ஆதலின் பிறப்பைக் கோப்பின் புறத்தே தேடாமல் அகத்தே எழுதிவைத்தல் வேண்டும். இதற்கு எம் மாவட்டத்தினின்றே ஒரு சான்று தருவோம். தருமபுரி நாடு நடுகற்கள் நிறைந்த நாடு. தொறு மீட்கும் பூசலிற் பட்ட வீரனுக்கு எடுத்த கல்லில், இன்ன அரசனின் இத்தனையாவது ஆட்சியாண்டில், இன்ன ஊரில், இன்னார் பட்டார் என்று பல்லவர் காலத்து வட்டெழுத்திற் பொறித்திருப்பர். வயல் வரப்பிலும் ஏரிக்கரையிலும் கிடந்த கற்கள் பல இன்று தருமபுரி நகரத்து அகழ்வைப்பகத்தில் உள்ளன. கல் வைப்பகத்துக்கு வந்த நாள் வேறு. வீரன் பட்ட நாள் வேறு. வண்டியில் ஏற்றி எங்குக் கொண்டுபோனாலும், கல் தன் காலத்தைத் தன் உடம்பிற் சுமந்துகொண்டே போகும். எழுத்தில்லாத நடுகல்லும் உண்டு. அதனை எடுத்தவர் எங்கிருந்து எடுத்தோம் என்று குறித்துவைக்காவிட்டால், பின்னர் அதனைக் கொண்டு பேசத்தக்கது மிகச் சிறிதே.

யாம் மேலே சொன்னது வால் மிஞ்சிய கதை. இதனினும் கொடியது ஒன்றுண்டு. கணக்கிடும் நிரல் தொடக்கத்திலேயே இடறி விழுந்துவிடுகிறது என்று கொள்வோம்: வட்டில் இடமில்லை, அல்லது ஓர் எண்ணைத் தவறாகக் கொடுத்தோம். புதிய கோப்பு ஒன்றுகூடப் பிறவாது. சித்திரக்கார நிரலோ அதனை அறியாது; கோப்புறைக்குட் சென்று, பழைய கோப்புகள் முழுமையாக இருப்பதைக் கண்டு, மாசற்ற படமொன்றை வரைந்து நீட்டும். மாணவன் கரட்டை மாற்றினான், படம் மாறவில்லை. கரடு மாறினாலும் வெள்ளம் மாறுவதில்லை என்று அவன் முடிவு கட்டுவானாயின், அந்த முடிவில் ஒட்டும் இல்லை, துள்ளலும் இல்லை, பிடிபடவே பிடிபடாது. பெருங்கணக்குகளைப் பல கணிப்பான்கள் பங்கிட்டுச் செய்யும்போது இன்னொரு வகை நேரும். எட்டுக் கணிப்பான் எட்டுக் கோப்பு எழுதிய இடத்தில், மறுமுறை நான்கே வேலை செய்தால், எஞ்சிய நான்கு கோப்புகளும் பழைய ஆற்றின் கால்வாசியும் அரைவாசியுமாகப் புதிய ஆற்றோடு ஒட்டிக்கொள்ளும். எண்களின்முன் பூச்சியம் இடாமற் பெயரிட்டுவிட்டு, எழுத்து வரிசையில் 10 என்பது 2க்கு முன் வந்து நிற்கக் கண்டு திகைப்பது இவற்றோடு ஒப்பிடச் சிறு குழந்தை.

பழைய ஏடு பொய்யேடு அன்று என்பதை மறுபடியும் வற்புறுத்துவோம். தனக்குரிய இடத்தில் அது மெய்யேடே. பாவனைக் கணக்கை விட்டு, எவரும் கையில் எடுக்கத்தக்க மக்கட்டொகைக் கணக்கில் இதனைக் காட்டலாம். தருமபுரி மாவட்டம் 1965ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் சேலம் மாவட்டத்தினின்று பிரிந்து உருவாயிற்று. 2001ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அதன் மக்கள் 28,56,300 பேர். 2011இல் 15,06,843 பேர். இவ்விரு புள்ளிகளையும் ஒரு கோட்டால் இணைத்துப் பாருங்கள்: பத்தாண்டில் ஏறத்தாழப் பாதி மக்களைக் காணோம்! காரணம் கேட்டால் சொல்லுவாரும் கிடைப்பர். மழை பொய்த்தது, கேழ்வரகு விளையவில்லை, பெங்களூருக்கும் திருப்பூருக்கும் குடிபெயர்ந்தனர் என்பர். பிழைப்புக்காக எம்மவர் வெளியூர் போவது உண்மை. ஆனால் அந்தக் கோடு அதனால் இறங்கியதன்று. 2004ஆம் ஆண்டில் கிருட்டிணகிரி தனி மாவட்டமாகப் பிரிந்தது. 2001ஆம் ஆண்டுத் தொகையில், பின்னர்க் கிருட்டிணகிரிக்குப் போனவர் 15,61,118 பேர். இன்றைய தருமபுரி எல்லைக்குள் இருந்தவர் 12,95,182 பேர். அப்படியாயின் தருமபுரி குறையவில்லை, பத்தாண்டில் 16 விழுக்காட்டுக்குச் சற்று மேலாக வளர்ந்திருக்கிறது. இரண்டு எண்ணும் அரசாங்கத்து எண்களே, இரண்டும் சரியே. இரண்டின் தலையிலும் "தருமபுரி" என்ற ஒரே பெயர். எந்தத் தருமபுரி என்று மட்டும் எழுதியிருக்கவில்லை. இத்தகைய கோட்டை நம்பி ஒருவர் பள்ளி வேண்டாம், மருத்துவமனை வேண்டாம் என்று சொல்லிவிட்டால், அவ்விழப்பு எண்ணில் நேர்வதன்று. பாலக்கோட்டிலும் அரூரிலும் உள்ள மனிதர்க்கு நேர்வது.

இனி, என் செய்வது? கணக்கை ஓட்டுமுன் கோப்புறையிலுள்ள பழையனவற்றையெல்லாம் துடைத்துவிடு என்பது பலர் கூறும் வழி. நண்பரும் முதலில் அதனையே செய்தார். எளிய வழிதான், ஓட்டம் இடறி விழுந்தாலும் வெறுங் கோப்புறை மிஞ்சுமேயன்றிப் பொய்ப்படம் மிஞ்சாது. ஆனால் இரண்டு நாட் கணக்கிட்டுப் பெற்றதைச் சிறிய கட்டளை ஒன்றால் இழந்து, வருந்தியவரும் உண்டு. இங்கே எமக்கு யாத்திராகமத்து மன்னாவின் செய்தி நினைவுக்கு வருகிறது. வனாந்தரத்தில் இஸ்ரவேலர் நாள்தோறும் அன்றன்றைக்குரிய மன்னாவைச் சேர்த்துக்கொண்டனர். மறுநாளைக்கென்று சிலர் மீத்துவைத்தது புழுத்து நாறிற்று. ஆறாம் நாளில் ஓய்வுநாளுக்காகக் கட்டளைப்படி எடுத்துவைத்ததோ கெடவில்லை. வைத்தது இரண்டிடத்தும் ஒன்றே. தற்செயலாய் மிஞ்சியது கெட்டது, இன்னதற்கென்று குறித்து வைத்தது நின்றது. ஞாயிறு வகுப்பில் இப்பகுதியைக் கேட்ட காலத்தில் கணினிக் கோப்பு எம் நினைவில் இல்லை. இப்பொழுது அப்பகுதியை வேறு வகையாய் வாசிக்க இயலவில்லை.

நண்பர் இப்பொழுது ஒவ்வோர் ஓட்டத்துக்கும் ஒரு தனிக் கோப்புறை அமைக்கிறார். நாளும் நேரமும் கரட்டின் அளவும் அதன் பெயரிலேயே இருக்கும். ஒவ்வொரு கோப்பின் முதல் வரியிலும் அந்த ஓட்டத்தின் குறி எழுதப்படுகிறது. பாரத்தடியில் நூற்பெயர் அச்சிடுவது போல. கணக்கு நடக்கும்வரை கோப்புறைக்குத் தற்காலிகப் பெயரே இருக்கும். கடைசி மணி முடிந்தபின்னரே நிலையான பெயர் சூட்டப்படும், ஆகவே பாதியில் விழுந்த ஓட்டத்தைச் சித்திரக்காரன் கண்ணாலும் காணான். சித்திரக்காரனுக்கும் ஒரு கடமை கூடியிருக்கிறது: படிக்கும் கோப்புகளில் இரண்டு வேறு குறிகளைக் கண்டால், வரையாமல் நின்று, எந்தக் கோப்பில் வேறுபாடு என்று சொல்லவேண்டும். வரைந்த படத்தின் வலக்கீழ் மூலையில் ஓட்டத்தின் குறி சிறிய எழுத்தில் விழும். படத்தை அறிக்கையில் ஒட்டினாலும், கைப்பேசியில் அனுப்பினாலும், அது உடன் செல்லும். இவற்றையெல்லாம் எழுத அவருக்கு ஒரு மாலைப்பொழுதே பிடித்தது. மூலையிலுள்ள அந்த எழுத்து படத்தின் அழகைக் கெடுப்பதாகத் தோழர் ஒருவர் குறைகூறினார். அவரோடு யாம் உடன்படவில்லை.

அந்த 90 கோப்புகளின் செய்தியையும் சொல்லவேண்டும். முன்பகுதி அழிந்து வால் மட்டும் எஞ்சிய சுவடி போல் அவை நின்றன. அவை முதல் ஓட்டத்தினவே என்று நேரத்தைக் கொண்டு ஊகித்தோமேயன்றி, கோப்பின் அகத்தே அதற்கு ஆதாரமில்லை. ஆதலின் நண்பர் பழைய கரட்டு அளவையே வைத்து, தனிக் கோப்புறையில், முதல் ஓட்டத்தை மறுபடி நடத்தினார். 240 கோப்புகள் வந்தன. அவற்றின் கடைசித் தொண்ணூற்றையும் எஞ்சியிருந்த தொண்ணூற்றையும் முதல் வரியை நீக்கிவிட்டு ஒப்பிட்டார். கடைசி இலக்கம்வரை ஒத்திருந்தன. அதன்பின்னரே பழைய தொண்ணூற்றை அழித்தார். இரண்டு ஓட்டங்களையும் ஒரே படத்தில் இரண்டு கோடுகளாக, ஒவ்வொன்றின் கரட்டளவையும் பக்கத்தில் எழுதி வரைந்தபொழுது, கரடு கூடினால் வெள்ளம் எவ்வளவு தாமதித்து, எவ்வளவு உயர்ந்து வடிகிறது என்பது நன்கு புலப்பட்டது. அறிக்கையில் அப்படமே இடம்பெற்றது. சின்னாற்றைப் பற்றிய பத்தியை அடித்துவிட்டார். இவ்வாண்டு அவ்வாற்றை மெய்யாகவே கணக்கிற் சேர்க்கப்போவதாகச் சொல்லி, விடுமுறையில் எம்மோடு ஒகேனக்கல்லுக்கு வந்து, கூடுமிடத்தின் அகலத்தை அளப்பதற்கு நூறு அடிக் கயிறு ஒன்றையும் வாங்கி வைத்திருக்கிறார்.